பேனர் அம்மாவின் அக்கா

திருவண்ணாமலையில் வந்து இறங்கிய காலையில் என்னை முதலில் கூப்பிட்டவர் ஓர் ஆட்டோக்காரர். ஆயா என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் ஆயா என்றால், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண். நான் அந்த வேலை செய்ததில்லை. முப்பது வருஷம் மரம் வெட்டியவள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். அதனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவர் விடாமல் ஆட்டோவை என் நடைக்கு உருட்டிக்கொண்டே வந்தார். வயதானவர்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் ஏழுமலை.

என் பெயர் ராசம்மா. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் நேரமாகும், ஆனால் இப்போது எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. கோயில் பார்க்க வந்த ஒரு குழுவோடு சேர்ந்து வந்தேன். அவர்கள் அன்று மத்தியானமே சாமி பார்த்துவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் நின்றுகொண்டேன். வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை கையை ஆட்டினேன். அதற்கப்புறம் அந்த ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

என் தங்கை தனம் இந்த ஊரில் இருந்து, இந்த ஊரிலேயே இறந்தவள். வருஷத் திதி வருகிறது. அவள் இறந்து பத்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோலாலம்பூரில் அவளுடைய பழைய படங்களைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள் என்று மகள் போனில் காட்டினாள். படத்துக்குக் கீழே பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். எனக்குச் சாவுச் செய்தி வந்தது அந்தக் கோட்டில்தான்.

அவள் போட்ட படங்களுக்கு பாப் ஆர்ட் என்று பெயராம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பால் டின், பிஸ்கட் டின், சோப்பு சுற்றி வருகிற சவர்க்கார உறை, இதிலெல்லாம் பளீரென்று சாயம் இருக்குமே, அந்தச் சாயத்தில் மனுஷர்களைப் போடுவாள். கத்தியும் வாளியுமாக நிற்கும் மரம்வெட்டிப் பெண்ணை, சவர்க்கார உறையில் சிரிக்கிற அழகி மாதிரிப் போட்டாள். கன்னம் ரோஸ், பின்னால் கிளிப்பச்சை. அதைப் பெரிய பெரிய கட்டடங்களில் மாட்டினார்கள். எங்கள் தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அதே முகங்களை அட்டையில் ஒட்டி, குச்சியில் கட்டி, எல்லார் கையிலும் கொடுத்து ரோட்டில் உட்காரவைத்தாள். போலீஸ் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. காலி செய்யச் சம்மதம் என்கிற பேப்பரில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னாள்.

நான் போட்டேன். முதல் ஆளாகப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் மாற்று வீடு இப்போதே தருகிறோம் என்றார்கள். அவரை ரோட்டில் போட எனக்கு மனமில்லை. நான் போட்டதைப் பார்த்து அடுத்த வீடு போட்டது. ஒரே வாரத்தில் லயம் முழுக்கக் காலியானது. நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் முன்பெல்லாம் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எனக்கு, மூன்றாம் வகுப்புப் படித்தவள் எதற்கு விரலை நீட்டுகிறாய் என்று சண்டை போட்டு, வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போடப் பழக்கியவள் தனம். அந்தக் கையெழுத்தைத்தான் போட்டேன்.

அன்று சாயந்திரம் அவள் என் வாசலில் நின்று, "எனக்கு அக்கா இன்னியோட செத்துட்டா" என்றாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. எங்கள் தாத்தா இந்தத் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து கப்பலேறியவர் என்று சொல்லுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தாளோ என்னவோ.

மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. கேட்டாலும் கேட்க ஆள் இல்லை. ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. கடைசிவரைக்கும் அவள் என்னைச் செத்தவளாகவே வைத்திருந்தாளா?

முதல் நாள் கோயில் மதிலோரமாக நடந்து நடந்து கேட்டேன். தனலெட்சுமி, படம் போடுகிறவர் என்றேன். பூக்காரி, செருப்புக்கடை, லாட்ஜ் மேனேஜர், யாருக்கும் தெரியவில்லை. மலேசியாவிலிருந்து வந்தவர் என்றேன். மலேசியாவிலிருந்து தினமும் வருகிறார்கள் என்றார் மேனேஜர். பசித்தது. ஓட்டலில் இரண்டு இட்டிலி சாப்பிட்டேன். இட்டிலி பஞ்சு, சட்டினியில் வேர்க்கடலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காபியைத்தான் இரண்டு வாய்க்குள் முடிகிற மாதிரி ஒரு சின்ன டம்ளரில் தருகிறார்கள். எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற நுரை ஆற்றிய பால் டீ ஒரு கிளாஸ் வாங்கினால் ஒரு மணி நேரம் உட்காரலாம். இங்கே குடித்து முடிக்கும் முன்பே அடுத்தவர் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். தனியாக வந்தவளுக்கு உட்கார ஓர் இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

வெளியே வந்தால் காலையில் பார்த்த ஏழுமலை நிற்கிறார். கேட்டுத்தான் பார்ப்போமே என்று, மலேசியாவிலிருந்து வந்து பளீரென்ற சாயத்தில் முகங்களைப் போடுகிறவள் என்று சொன்னேன்.

"பேனர் அம்மாவா?" என்றார். "அதை மொதல்லயே சொல்லக்கூடாதா, ஆயா? காலைலேர்ந்து ஊரைச் சுத்துறீங்க. பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும், பேனர் அம்மானு கேளுங்க."

ஆட்டோவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இந்த ஊர்ப்பக்கம் ஒருவர் இறந்துவிட்டால் கண்ணீர் அஞ்சலி என்று ஆள் உயரத்துக்குப் பேனர் அடித்துத் தெருமுனையில் கட்டுகிறார்கள். நடுவில் இறந்தவர் முகம். மூலையில், அவருக்கு முன்பே போய்விட்ட உறவுக்காரர்கள், மாலையும் விளக்குமாக. கீழே வரிசையாக உயிரோடு இருக்கிற சொந்தங்கள், பாதிப்பேர் காதில் போனை வைத்துக்கொண்டு. எங்கள் ஊரில் பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவதோடு சரி. இங்கே பேனர் இல்லாத சாவு, கேட்க நாதியில்லாத சாவு. மலையைச் சுற்றுகிற பாதையில் காவி கட்டிக்கொண்டு கிடக்கிறவர்கள், பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன கிழவிகள், இவர்கள் செத்தால் அனாதைப் பிணம் என்று எடுத்துப் புதைத்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் தனம் பேனர் வைத்திருக்கிறாள்.

உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேர் கேட்பாளாம், ஊர் கேட்பாளாம், என்ன பிடிக்கும் என்று கேட்பாளாம். முகத்தை வரைந்து வைத்துக்கொள்வாளாம். ஆள் போய்விட்டால் அன்றைக்கே பேனர். பீடிக்கட்டு பிடித்தவருக்குத் தலையைச் சுற்றிப் பீடிக்கட்டு, சாமிக்குப் போடுகிற ஒளிவட்டம் மாதிரி. பிஸ்கட் பிடித்த கிழவிக்குப் பிஸ்கட் பாக்கெட். ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை. முதலில் ஊர் சிரித்ததாம். அனுமதி இல்லை என்று ஆட்கள் வந்து அவிழ்த்தபோது, அடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாளாம். முகத்தை மூன்று நாள் ஊருக்குக் காட்டாமல் யாரையும் புதைக்கக்கூடாது என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றாளாம்.

ஏழுமலை பஸ் நிலையத்துக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பத்தைக் காட்டினார். அங்கே கட்டியிருந்த ஒரு பேனரைப் பார்த்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே இறங்கினாராம். அது அவருடைய அப்பா. ஒன்பது வருஷமாகத் தேடிய அப்பா.

"நீங்க இன்னா வேணும் அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஊர்க்காரி" என்றேன்.

மறுநாள் பௌர்ணமி. தனம் குடியிருந்த அடி அண்ணாமலைக்குப் போகவேண்டும். அது மலையைச் சுற்றுகிற பாதையிலேயே இருக்கிற ஊர். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஏழுமலைக்குத் தெரியும், ஆனாலும் வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போனால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. பாதி வழியில் போலீஸ் தடுப்பு. ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். இறங்கி நடந்தேன்.

நடந்த பிறகுதான் தெரிந்தது, ஜனங்கள் எல்லாரும் எனக்கு எதிரே வருகிறார்கள். மலையை வலமாகச் சுற்றுகிறார்கள், நான் இடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்து வருகிறது, என் கூட ஒருவரும் இல்லை. ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, இப்படிச் சுற்றினால் பாவம் வரும், திரும்புங்கள் என்றார். சாமியைச் சுற்ற வரவில்லை, ஓர் ஆள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். வழியில் அவித்த கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே நடந்தேன். கடலையை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். மலை பக்கவாட்டில் கூடவே வந்தது. அதைத் தவிர வேறு துணை இல்லை.

உண்ணாமலை என்கிற பெண்ணின் டீக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் தனம் கடைசிவரை இருந்திருக்கிறாள். உண்ணாமலைக்கு ஐம்பது வயதிருக்கும். பேனர் அம்மாவின் ஊர்க்காரி என்றதும் கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். அறையில் ஒன்றும் இல்லை. கண்காட்சி வைத்த கோலாலம்பூர்க்காரர்கள் வந்து எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சுவரில் ஆணிகள் இருந்தன. தரையில் ரோஸ் சாயம் சிந்திய இடம் துடைக்கத் துடைக்கப் போகவில்லை என்றாள். அதன்மேல் பாய் விரித்து எனக்குச் சோறு போட்டாள்.

நான் கேட்காமலே பேசினாள். "சொந்தம்னு யாரும் கெடையாது பெரிம்மா. ஒரு அக்கா இருந்தாங்களாம், செத்துட்டாங்களாம். ஆனா வாரத்துல நாலு நாள் அக்கா பேச்சுதான். நான் கொழம்பு வெச்சாப் போதும், எங்க அக்கா இருந்தா இதைத் தூக்கிக் கொட்டிட்டு வேற வெப்பானு சொல்லுவாங்க."

குழம்பில் புளி ஜாஸ்தி. உப்பு கம்மி. கொட்டிவிட்டு வேறுதான் வைக்கவேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். அப்படி எப்போது செத்தாளாம் அந்த அக்கா என்று கேட்டேன். அது தெரியாது, வருஷத்துக்கு ஒருநாள் பேனர் அம்மா கடை வாசலில் அக்காவுக்குப் பேனர் கட்டுவார்கள், அன்றைக்கு டீகூடக் குடிக்கமாட்டார்கள் என்றாள். எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னாள். நான் கையெழுத்துப் போட்ட மாதம்.

தெரியவேண்டியது தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் எனக்குக் கருமாதி செய்திருக்கிறாள். நாளைக்கே கிளம்பிவிடலாம். உண்ணாமலை மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் நடந்து வந்தது ஆகவில்லை என்று விசிறினாள்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தாள். வருஷத் திதிக்குப் பேனர் அம்மாவுக்கே இவர்கள் ஒரு பேனர் அடிக்கிறார்கள். டவுனில் பழனி கடையில் தயாராகிறது. ஊர்க்காரர் ஒருவர் பார்த்துப் பெயர், ஊர் எல்லாம் சரியா என்று சொன்னால் நல்லது என்றாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பழனி கடைக்குப் போனேன். சின்னக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, சுருட்டிவைத்த பேனர்கள், மூக்கில் ஏறும் மை வாடை. பழனி நாற்பது வயதுக்காரர், வெற்றிலை போட்ட வாய். தனம் இந்தக் கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சாயத்தை ஏற்று, அதை இறக்கு என்று உயிரை எடுப்பாளாம். பேனருக்குக் காசு கேட்டால் முறைப்பாளாம். சிரித்துக்கொண்டே சொன்னவர், சட்டென்று நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் தனம் இருந்தாள். தலை முழுக்க நரை. எனக்குத் தெரிந்த தனத்துக்கு ஒரு நரைமுடி கிடையாது. கண்மட்டும் அதே கண், சண்டைக்கு வருகிற கண். அவளைச் சுற்றி ஒளிவட்டமாக, அவள் பேனர் வைத்த முகங்களையே சின்னச் சின்னதாகப் பதித்திருந்தார்கள். கீழே சொந்தங்கள் இருக்கவேண்டிய வரிசையில் உண்ணாமலை, பழனி, காதில் போனோடு ஏழுமலை.

மேலே மூலையில் நான் இருந்தேன்.

மாலை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் விளக்கு. என் மகள் கல்யாணத்தில் எடுத்த படம், கழுத்தில் அன்றைக்குப் போட்ட அட்டிகை. அந்த முகத்துக்குத் தனம் சவர்க்கார உறை மாதிரி ரோஸ் பூசியிருந்தாள். கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். நான் என்றைக்கும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

பழனிக்கு என்னைத் தெரியவில்லை. படத்தில் இருப்பவளுக்கும் எனக்கும் நடுவில் இருபத்து மூன்று வருஷம். பேர் மட்டும் சரி பாருங்கள் என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அமரர் ராசம்மா. தோற்றம், நான் பிறந்த வருஷம், சரியாக. மறைவு, ஒரு தேதி.

இந்தத் தேதி யார் சொன்னது என்று கேட்டேன்.

பழனி தலையைச் சொறிந்தார். "அது வந்து... நானாப் போட்டேன்மா. வருஷா வருஷம் அக்கா பேனர் அடிப்பாங்க இல்ல, அதுல மறைவுனு போட்டுட்டு எதிர்ல காலியா விடச் சொல்லுவாங்க. தேதி சொல்லுங்கமான்னு கேப்பேன். அது தெரியறப்ப போட்டுக்கலாம், இப்ப காலியா இருக்கட்டும்னுவாங்க. இத்தினி வருஷமா இதே பதில். இப்ப அவங்களும் இல்ல. காலியா விட்டா பாக்குறவங்க பழனி பேனர்ல தப்பு வந்துருச்சுனு பேசுவாங்க. அதான் ஒரு தேதி போட்டு முடிச்சேன்."

எனக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. ஒரே நாற்காலியில் அவர் இருந்தார். சுருட்டிவைத்த பேனர்மேல் உட்கார்ந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வருஷா வருஷம் இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, கடைசியில் அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விடு என்று சொல்லியிருக்கிறாள். நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கேயிருக்கிறேன் என்றுகூடத் தெரிந்திருக்கும். ஒரு போன் பண்ணியிருக்கலாம். நானும் பண்ணியிருக்கலாம். இரண்டு பேருமே பண்ணவில்லை. அவ்வளவு பிடிவாதத்தை எங்கள் அம்மா எங்களில் யாராவது ஒருத்திக்கு மட்டும் கொடுத்திருக்கலாம்.

"அந்தத் தேதியை எடுத்துடு தம்பி" என்றேன்.

"காலியா விடக்கூடாதும்மா."

"நான் இன்னும் சாகலை."

பழனி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார். நாற்காலியை என் பக்கம் தள்ளினார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஏம்மா, உயிரோட இருக்கிறவங்களுக்கா இத்தினி வருஷம் மாலை போட்டேன்?" என்றார். நீ போடவில்லை, அவள் போடச் சொன்னாள் என்று நான்தான் அவரைத் தேற்றவேண்டியிருந்தது.

உடனே படத்தை மாற்றிவிடுகிறேன் என்று உட்காரப் போனார். மாலையை எடுத்துவிட்டு, மூலையிலிருந்து எடுத்துக் கீழ் வரிசையில் உண்ணாமலைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமாம். அதற்குப் புதுப் படம் வேண்டும் என்று பச்சைத் துணிக்கு முன்னால் என்னை நிற்கவைத்தார். கையைக் கூப்பச் சொன்னார். கூப்பவில்லை. காதில் போன் வைக்கிறீர்களா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். நேராகப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார். படத்துக்குக் கீழே என்ன போட என்று கேட்டார். அக்கா என்று போடச் சொன்னேன். மூன்று எழுத்துதான். அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூலையில் இருந்த படத்தை அழிக்கப்போனார். அதை விட்டுவிடு என்றேன். மாலையோடு அப்படியே இருக்கட்டும்.

"மேல செத்தவங்க வரிசைல நீங்க, கீழ இருக்கிறவங்க வரிசைலயும் நீங்க. ஊரு சிரிக்கும்மா."

சிரிக்கட்டும் என்றேன். மேலே இருப்பது அவள் செய்தது. அதன்மேல் அடுத்தவர் கை படவேண்டாம். தேதியை மட்டும் எடு.

எடுத்தார். மறைவு என்ற எழுத்துக்கு எதிரே இரண்டு புள்ளி, அதற்கப்புறம் ரோஸ் நிறம் மட்டும்.

திதியன்று அதை உண்ணாமலை கடை வாசலில் கட்டினார்கள். ஏழுமலை ஏணி பிடித்தார். அவர் ஊர் சிரிக்கும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பாதையில் போகிறவர்கள் நின்று படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள், நடந்தார்கள். உண்ணாமலை டீ கொடுத்தாள். அன்று குழம்பு நான் வைத்தேன். நெத்திலி கிடைக்கவில்லை, கத்தரிக்காயில் செய்தேன். படையல் போட்டுவிட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள். உண்ணாமலை ஒரு வாய் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், பேனர் அம்மா சொன்னது சரிதான் என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பழனியின் நம்பரை மகளிடம் கொடுத்துப் போனில் ஏற்றச் சொன்னேன். யார் இது என்றாள். பேனர் கடைக்காரர் என்றேன். எதற்கு என்றாள். நேரம் வரும்போது கூப்பிட்டு ஒரு தேதியைச் சொல்லு, எங்கே போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்றேன்.